லிங்கண்ணாச்சியின் வலது கை ஊர் சுற்றிய கதை

தென்காசியில் சாரல் பிடித்திருந்த ஆனி மாதத்து ஒரு காலையில், ரத வீதிப் பட்டுக்கடையின் முதல் மாடியில், கல்யாணப் பட்டு எடுக்க வேன் பிடித்து வந்திருந்த ஒரு பெரிய கூட்டத்துக்கு முன்னால் குற்றாலிங்கம் மாம்பழ நிறத்துப் பட்டு ஒன்றை விரித்து வீசினார். அந்தப் புடவை என்றைக்கும் போல அந்தரத்தில் ஒரு கணம் நின்று, தன் முந்தியைத் தானே காட்டி, சுருக்கமில்லாமல் வெள்ளை விரிப்பின் மேல் படுப்பதற்குப் பதிலாக, பாதியில் மனசு மாறியதுபோலப் பொத்தென்று விழுந்தது, அதன் மேல் குற்றாலிங்கமும் விழுந்தார். மூளைக்குப் போகிற ரத்தம் ஓரிடத்தில் அடைத்துக்கொண்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கோணிய வாய் நேராயிற்று, பேச்சு கொஞ்சம் நிதானப்பட்டு வந்தது, வலது கால் இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்கு இறங்கி வந்தது. வலது கை மட்டும் வரவில்லை. கை வராததற்குக் காரணம், கை அங்கே இல்லை.

தோளும் முழங்கையும் ஐந்து விரலும் இருந்த இடத்தில்தான் இருந்தன, கல்யாண மோதிரமும் விரலில்தான் இருந்தது. உள்ளே இருந்த வீச்சுதான் வெளியே போய்விட்டது. அதை முதலில் கண்டவள் மார்க்கெட் வாசலில் மீன் விற்கிற மிக்கேலம்மாள். அவர் விழுந்ததற்கு மறுநாள் அவள் மீனைக் கொட்டுவதற்காக நீலத் தார்ப்பாயை உதறியபோது, அது அந்தரத்தில் ஒரு கணம் நின்றது, மடிப்பு மடிப்பாகத் திறந்தது, ஓரத்தை வாங்க வந்தவர்கள் பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு சுருக்கம் இல்லாமல் தரையில் படுத்தது. மிக்கேலம்மாள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என் கை இல்லளா," என்றாள், பக்கத்தில் கீரை விற்கிறவளிடம். "பட்டுக்கடை லிங்கண்ணாச்சி கை."

கீரைக்காரியும் ஆமாம் என்றாள். அவளுக்குத் தெரியாதா? அந்த ஊரில் தாலி ஏறிய பெண்களில் முக்கால்வாசிப் பேர் அந்த வீச்சுக்கு எதிரே உட்கார்ந்து வாயைப் பிளந்தவர்கள்தான். லிங்கண்ணாச்சி கையால் எடுத்துக் கொடுத்த பட்டில் தாலி ஏறினால் குடும்பம் நிலைக்கும் என்று சுற்றுவட்டாரம் முழுக்க ஒரு பேச்சு உண்டு. நிலைக்காமல் போன குடும்பங்களும் உண்டுதான், அவர்கள் கூட்ட நெரிசலில் வேறு சேல்ஸ்மேன் கையால் வாங்கியிருப்பார்கள் என்று ஊர் அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தது. அப்பேர்ப்பட்ட கையை ஊருக்கு அடையாளம் தெரியாமல் இருக்காது.

அதன்பின் கை ஓரிடத்தில் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார் பாய் விரித்தபோது வந்தது, வரிசை வரிசையாகப் பாய்கள் தாமாகவே நேர் பார்த்துப் படுத்தன. சலூன்காரர் முடிவெட்ட உட்கார்ந்தவரின் கழுத்தைச் சுற்றித் துணி போர்த்தும்போது வந்தது, உட்கார்ந்தவர் புதுமாப்பிள்ளை போல நிமிர்ந்துகொண்டார். ஆஸ்பத்திரி வார்டில் ஆயாம்மா படுக்கை விரிக்கும்போது வந்தது. கீழப்புலியூரில் ஒரு கிழவி இறந்துபோக, கோடித்துணி போர்த்தக் குனிந்த மருமகனுடைய கையில் வந்தது; அந்தத் துணி அவள் மேல் இறங்கிய பதனத்தைப் பார்த்து மகள்கள் மூன்று பேரும், "எங்களுக்கு முகூர்த்தப் பட்டு விரிச்ச கையே எங்கம்மைக்குப் போர்த்தவும் வந்துட்டே" என்று அழுதார்கள், அதுவரை அழாமல் வந்தவர்களைக் கவனித்துக்கொண்டிருந்த பெரிய மகன்கூட வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனான்.

எதிர்த்த ஜவுளிக்கடைக்காரர்கள், வந்தாலும் வரும் என்று, காலை முதல் சாயங்காலம் வரை சேல்ஸ்மேன்களைச் சும்மா புடவை விரித்து விரித்து மடிக்க வைத்துப் பார்த்தார்கள். கை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அதைப் பட்டுக்கடை முதலாளி சிவசைலம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். இன்றைக்குக் கரண்ட் கட் உண்டா என்று கேட்கிற மாதிரி, இன்றைக்குக் கை எங்கே இருக்கிறது என்று டீக்கடைகளில் கேட்டார்கள், பதில் சொல்லவும் யாராவது ஒருவர் இருந்தார்.

சீக்கிரமே அதற்கென்று ஒரு முறையும் உண்டாகிவிட்டது. கை வந்தவர்கள் கையிலிருக்கிற வேலையை முடிக்க வேண்டும், சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அந்த வீச்சை வைத்து வேடிக்கை காட்டக் கூடாது, பொழுது சாய்வதற்குள் மேட்டுத் தெருவுக்குப் போய்க் குற்றாலிங்கத்தின் வலது கையைத் தன் வலது கையால் பிடித்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். யாரும் இதை எழுதி ஒட்டவில்லை. ஊரே சொல்லிவைத்தாற்போல அப்படி நடந்தது. பிடித்த மாத்திரத்தில் அவருடைய விரல்கள் மெல்ல மலரும், மணிக்கட்டு ஒரு தடவை சுழித்துக்கொள்ளும், அவர் கண்ணில் தண்ணீர் நிற்கும். கொண்டுவந்தவருக்கு ஒரு காப்பி கிடைக்கும். ஆனால் காப்பி டம்ளர் கழுவிக் கவிழ்ப்பதற்குள் கை மறுபடியும் வெளியேறிவிடும். ஏன் தங்க மாட்டேன் என்கிறது என்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை. வாசல் திசை சரியில்லை என்றார் ஒருவர். புறா ரத்தம் தேய்க்க வேண்டும் என்று ஒரு கூடையில் புறாவோடு வந்துவிட்டார் குற்றாலிங்கத்தின் சித்தப்பா மகன். அந்தப் புறா குற்றாலிங்கத்தையும் குற்றாலிங்கம் அந்தப் புறாவையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கடைசியில் அதைத் திறந்து விடச் சொல்லிவிட்டார்.

காப்பி போட்டுக் கொடுத்தவள் அவருடைய மனைவி குழல்வாய்மொழி. குற்றாலத்துச் சாமி பேர் மாப்பிள்ளைக்கு, அம்மன் பேர் பெண்ணுக்கு, இதற்குமேல் என்ன பொருத்தம் என்று ஜாதகத்தைப் பிரிக்காமலே பேசி முடித்த கல்யாணம் அது. ஒரே மகள் கல்யாணமாகி ஓசூரில் இருந்தாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான், அதிலும் மகள் போனபின் பகல் முழுக்கக் குழலி ஒருத்திதான். காலையில் கடைக்குப் போகிறவர் ஊர் அடங்கித்தான் வருவார். தீபாவளிக்கு முந்தின நாள் எல்லா வீட்டிலும் புருஷன் இருப்பான், இவள் வீட்டில் இருக்க மாட்டார்.

இப்போது அவர் இருந்தார். காலையில் கண் விழிக்கும்போதும் இருந்தார், வெயில் ஏறும்போதும் இருந்தார், சாரல் ஜன்னலை நனைக்கும்போதும் இருந்தார். அவருக்குப் பல் தேய்த்துவிட்டாள், தலை சீவினாள், சட்டைப் பொத்தான் போட்டாள், சோறு பிசைந்து ஊட்டினாள், பேப்பர் பக்கத்தைத் திருப்பினாள், மூக்கு நுனியில் அரித்தால் அவர் சொல்வதற்கு முன்பே சொரிந்துவிட்டாள். ஈ எறும்பு அண்டவிடாமல் உள்ளங்கையில் வைத்துத் தாங்கினாள். அவருடைய இடது கைக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் இடது கையால் சாப்பிடவும் மாட்டார், இடது கையால் ஒன்றை வாங்கவும் கொடுக்கவும் மாட்டார். ஆயுசு முழுக்க மங்கலப் பொருளை எடுத்துக் கொடுத்த மனுஷன், இடது கையை நீட்டுவதை நினைத்தாலே கூசிப்போவார். அதனால் அவருடைய வலது கைக்குப் பதிலாக இருந்தது குழலியின் வலது கைதான்.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. புருஷனுக்குக் கை விழுந்த வீட்டில் சந்தோஷப்படுகிறோமே என்று அவளுக்கே பயமாகவும் இருந்தது, சாமி விளக்கு ஏற்றும்போது அவள் சாமி முகத்தைப் பார்க்கவில்லை. கை திரும்பி வந்தால் அவர் கடைக்குப் போய்விடுவார், கை வராவிட்டால் அவர் மனசு விட்டுப் போய்விடுவார். இரண்டுக்கும் நடுவில் அவள் சோறு பிசைந்துகொண்டிருந்தாள்.

கடையநல்லூரிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற பிசியோதெரபிஸ்ட் ரிஸ்வானாவுக்குக் கை ஊர் சுற்றுவதில் ஒரு ஆட்சேபணையும் இல்லை. "போனா போகட்டும்மா," என்றாள் முதல் நாளே. "வந்தா உக்கார எடம் வேணும்லா. அதுக்குத்தான் நான்." தூக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்றாள், தோள் இறங்கிப் போகாமல் தலையணை வைக்கச் சொன்னாள், இறுகிப்போன விரல்களை ஒவ்வொன்றாக நீவித் திறந்தாள். உள்ளங்கைக்கு அடியில் துண்டைப் போட்டு மேஜை மேல் முன்னும் பின்னும் தேய்க்க வைத்தாள். இரண்டு கைக்கும் நடுவில் ஒரு நிலைக்கண்ணாடியை நிறுத்தி, வலது கையை அதற்குப் பின்னால் மறைத்து, இடது கையை மூடித் திறக்கச் சொல்லி, கண்ணாடியை மட்டும் பார்க்கச் சொன்னாள். கண்ணாடிக்குள் வலது கைதான் மூடித் திறப்பதுபோலத் தெரிந்தது.

"மூளையை ஏமாத்துதோம் அண்ணாச்சி," என்றாள். "பாவம், பாத்ததை நம்பிரும்."

"நானும் அப்பிடித்தான் யாவாரம் பண்ணுனேன்," என்றார் குற்றாலிங்கம் நிதானமாக. "கண்ணாடி முன்னால தோள்ல போட்டுக் காட்டுனா எந்தச் சேலையும் நல்லாத்தான் இருக்கும்."

ஒரு நாள் அவர் கொட்டாவி விட்டபோது வலது கை தானாகவே இடுப்புவரை உயர்ந்து இறங்கியது. குழலி சாமி வந்ததுபோல நின்றாள். இது இந்த நோயில் உள்ளதுதான், கொட்டாவிக்குக் கை தூக்கும் என்று ரிஸ்வானா சொன்னாள், சொல்லிவிட்டு, "பாதை அடைபட்டுப் போகலை, இனி நல்ல கையைக் கட்டிருவோம்" என்றாள். இடது கைக்கு ஒரு தடிமனான கம்பளி உறையை மாட்டி மணிக்கட்டில் முடிந்தாள். நல்ல கை சும்மா கிடந்தால்தான் இந்தக் கை வேலையைத் தேடும் என்பது அந்த வைத்தியத்தின் கணக்கு. பல பேருக்குக் கேட்ட வைத்தியம் இவருக்கு மட்டும் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்பது, மிக்கேலம்மாள் இரண்டாம் தடவையாகக் கையைக் கொண்டுவந்த அன்றைக்குத் தெரிந்தது. மேஜை மேல் ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்து, இடது கையைக் கட்டிவிட்டு, ரிஸ்வானா எதிரே உட்கார்ந்திருந்தாள். மிக்கேலம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் கையைப் பிடித்தாள். "இந்தாங்க அண்ணாச்சி, ஒங்க சாமான். சீலா மீன் வாசம் அடிச்சா கோவிச்சுக்கிடாதிய."

விரல்கள் மலர்ந்தன. மணிக்கட்டு சுழித்தது. கை மேஜைமேல் மெல்ல ஊர்ந்து டம்ளர் பக்கமாகப் போனது, கட்டைவிரல் விலகியது, டம்ளரின் குளிர்ச்சி படுகிற தூரத்துக்கு வந்துவிட்டது. அந்த நேரம் அடுக்களையிலிருந்து காப்பியோடு வந்த குழலி, "ஐயோ, தாகமா இருக்கா" என்று டம்ளரை எடுத்து அவர் வாயில் வைத்துவிட்டாள். அவரும் குடித்துவிட்டார். மேஜை மேல் கை ஒரு கணம் தயங்கிக் கிடந்தது. பிறகு வாசல் திரைச்சீலை காற்றில்லாமலே பட்டுப்போல ஒரு தடவை விரிந்து அடங்கியது, தெருவில் யாரோ ஒருத்தி துணி உதறுகிற சத்தம் கேட்டது.

ரிஸ்வானா எழுந்து அவருடைய இடது கையிலிருந்த உறையை அவிழ்த்தாள்.

"நான் கட்டுன கை தப்பு," என்றாள். "கட்ட வேண்டியது ஒங்க கையைம்மா."

குழலிக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப நான்தான் இவுகளைக் கெடுத்துட்டேன்னு சொல்லுதியா?"

"நீங்க இல்லன்னா இவருக்குத் தோள் எறங்கியிருக்கும், முதுகுல புண்ணு வந்திருக்கும். நல்லாத்தான் பாத்தீங்க. ரொம்ப நல்லா பாத்துட்டீங்க, அதான். கைக்கு என்னம்மா வேணும்? வேலை வேணும். மார்க்கெட்ல வேலை இருக்கு, பள்ளிவாசல்ல வேலை இருக்கு, எழவு வீட்டுல கூட வேலை இருக்கு. இங்க வந்தா எல்லாத்தையும் நீங்க முடிச்சு வச்சிருக்கீங்க. அது என்ன செய்யும், வந்த வழியே போகுது."

மிக்கேலம்மாள் காப்பியை ஆற்றாமலே குடித்துவிட்டு நழுவினாள். குழலி கட்டச் சம்மதிக்கவில்லை. என் புருஷனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று சொல்ல நீ யார் என்று கேட்டாள், கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டினாள். அவிழ்த்த உறையோடு பையிலிருந்து இன்னும் இரண்டையும் எடுத்து ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு ரிஸ்வானா கிளம்பினாள். ஆவணி பிறந்தால் முகூர்த்தம் தொடங்கிவிடும், மாடிக்கு ஒரு நல்ல கை இல்லாமல் முடியாது, வேறு ஆள் பார்க்கட்டுமா என்று சிவசைலம் முந்தின நாள்தான் மரியாதையாக வந்து கேட்டுப் போயிருந்தார். ஆவணி முதல் தேதி போணி பண்ண வந்துவிடுகிறேன் என்று குற்றாலிங்கம் சொல்லியிருந்தார். அந்த முதல் வியாபாரம் அவர் வலது கையால் நடந்தால் அந்த இடம் அவருக்கு, இல்லாவிட்டால் இல்லை.

மறுநாள் காலையில் குழலி கொல்லையில் துவைத்த துணியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பழைய நூல் புடவை ஒன்றை உதறிக் கொடியில் எறிந்தாள்; அந்தப் புடவை அந்தரத்தில் ஒரு கணம் நின்றது, முந்தியைத் தானே காட்டியது, ஒரு சுருக்கமில்லாமல் கொடியின் மேல் படுத்தது. ஊரில் எல்லோருக்கும் வந்த கை அவளுக்கு மட்டும் அதுவரை வரவில்லை, அந்த வருத்தத்தையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது வந்திருந்தது. ஊர் முறைப்படி அவள் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் அவர் கையைப் பிடித்திருக்க வேண்டும். அவள் கையை முந்தானைக்குள் பொதிந்துகொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

பீரோவைத் திறந்து தன் புடவைகளையெல்லாம் வெளியே எடுத்தாள். தள்ளுபடியில் வந்தவை, ஓரத்தில் ஒரு நூல் போனதால் விற்காமல் நின்றவை, நல்லவையும் சில, எல்லாமே கடைப் பைக்குள் மடித்தபடி அவளுக்கு வந்து சேர்ந்தவை. ஒன்றைக்கூட அவர் அவளுக்கு விரித்துக் காட்டியதில்லை. கல்யாணமான புதிதில் ஒரு தடவை ஆசைப்பட்டுக் கடைக்கே போயிருந்தாள். அவர் ஒரு கல்யாணக் கூட்டத்துக்கு வீசிக்கொண்டிருந்தார், இவளைப் பார்த்துச் சிரித்தார், இவளுக்குப் புடவை எடுத்துப் போட்டது ஒரு பயிற்சிப் பையன். அவள் அந்தப் பையன் போட்டதைப் பார்க்கவில்லை, கூட்டத்துக்கு முன்னால் அந்தரத்தில் நின்று நின்று படுக்கிற புடவைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றும் எடுக்காமல் திரும்பினாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கடைப் படி ஏறவில்லை.

இப்போது ஒவ்வொன்றாகத் தனக்குத் தானே வீசிக்கொண்டாள். அரக்குப் பட்டு விரிந்தது, மயில்கழுத்து நிறம் விரிந்தது, மகள் பிறந்தபோது வந்த பச்சை விரிந்தது. இத்தனை வருஷம் கட்டிக் கிழித்த புடவைகளுக்கு இப்படி ஒரு முகம் இருந்ததா என்று கட்டில் நிறையப் பார்த்துக்கொண்டு நின்றாள், அழுகை வந்தது, அழுதாள். இந்தக் கையைத் தானே வைத்துக்கொண்டால் என்ன என்று நினைத்தாள். யாருக்குத் தெரியும்? ஊரிலேயே தினமும் புதுப்புது வேலை இருக்கிற கை அவளுடையதுதான், இங்கே அது எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கும். அவர் ஆவணியிலும் வீட்டில் இருப்பார், புரட்டாசியிலும் இருப்பார், தீபாவளிக்கு முந்தின நாளும் இருப்பார்.

"குழலி," என்று வெளியிலிருந்து அவர் கூப்பிட்டார்.

அவள் அசையவில்லை.

"அந்த அரக்கு இன்னொருக்க வீசு. முந்தி உள்பக்கமா விழுந்திருக்கும். சத்தம் சரியில்ல."

அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. பட்டு விரிகிற சத்தத்தைச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டே நிறம் சொல்கிறவர். குழலி கதவைத் திறந்துகொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கிட்டத்தான் இருக்கு," என்றாள்.

"இருக்கட்டும். ஒனக்கு நான் ஒண்ணுகூட விரிச்சது இல்லைல்லா."

அவர் கொடு என்று கேட்டிருந்தால் அவள் ஒருவேளை சண்டை பிடித்திருப்பாள். இருக்கட்டும் என்று சொன்னதுதான் அவளை உடைத்துவிட்டது. ரிஸ்வானாவுக்குப் போன் போட்டு, "வந்து கட்டிட்டுப் போ" என்றாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரிஸ்வானா வந்தாள். மேஜை மேல் ஒரு வட்டிலில் தயிர்ச்சோறும் ஓரத்தில் நார்த்தங்காயும் வைத்தாகிவிட்டது. குழலி அவர் வலது கையைப் பிடித்துக் கையைத் திருப்பிக் கொடுத்தாள்; கொடுத்த உடனே ரிஸ்வானா அவளுடைய இரண்டு கைக்கும் உறை மாட்டி இறுக முடிந்தாள், அவருடைய இடது கைக்கும் மாட்டினாள், அவர் முழங்கைக்கு அடியில் துண்டை மடித்து வைத்தாள், பிறகு தன் கையை நம்ப முடியாது என்று வாசலுக்குப் போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டாள். செய்தி எப்படியோ பரவி, தெருவில் மோதினாரும் சலூன்காரரும் மிக்கேலம்மாளும் இன்னும் பலரும் நின்றிருந்தார்கள். அவர்களையும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னாள், எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அந்த நேரத்தில் மேட்டுத் தெருவில் யாரும் ஒரு துணியைக்கூட உதறவில்லை.

உள்ளே இருவரும் வட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குழலி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ஒரு ஈ வந்து அவர் நெற்றியில் உட்கார்ந்தது, அவள் உறையோடு கை தூக்கப் போனாள், இறக்கிக்கொண்டு அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தாள். இப்படி ஒரு கொடுமை அவளுக்கு அதுவரை நடந்ததில்லை.

"ஒனக்குப் பசிக்குதுல்லா," என்றார் அவர்.

"எனக்கு ஒண்ணும் பசிக்கலை."

"வயிறு கத்துதது இங்க கேக்கு."

அவர் வலது கையைப் பார்த்தார். கை கிடந்தது. போவதா இருப்பதா என்று அது யோசிப்பது அவளுக்கே தெரிந்தது, திரைச்சீலை ஒரு தடவை லேசாக அசைந்தது. அவர் பல்லைக் கடித்துத் தோளை முன்னே தள்ளினார். துண்டின் மேல் முழங்கை நகர்ந்தது, விரல்கள் வட்டிலின் விளிம்பைத் தொட்டன, தயிர்ச்சோற்றுக்குள் இறங்கின. எடுத்ததில் பாதி மேஜையில் விழுந்தது. மறுபடி எடுத்தார். கை நடுங்கிக்கொண்டு மேலே வந்தது, அவருடைய வாய்ப் பக்கம் வளையாமல் நேராக அவள் பக்கம் வந்தது, நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. குழலி முகத்தை முன்னால் கொண்டுபோகத் துடித்தாள், அதுவும் உதவிதான் என்று தோன்ற, அசையாமல் வாயை மட்டும் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வாய்ச் சோறு வந்தது. மூக்கில் கொஞ்சம், தாடையில் கொஞ்சம், மீதி உள்ளே. பட்டு வீசிய வீச்சுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஒன்றரை வயசுப் பிள்ளை ஊட்டியதுபோல இருந்தது. அவள் மென்று விழுங்கினாள்.

"உப்புக் கொறச்சல்," என்றாள், கண்ணீரோடு.

வாசலில் ரிஸ்வானா எழுந்து எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னாள். அன்றைக்குப் பொழுது சாய்ந்த பிறகும் ஊரில் யாருக்கும் கை வரவில்லை. அதற்குப் பிறகும் எந்தத் தார்ப்பாயும் அந்தரத்தில் நிற்கவில்லை. மிக்கேலம்மாள் கொஞ்ச நாள் உதறி உதறிப் பார்த்துவிட்டு, பழையபடி நான்கு மூலையிலும் கல் வைத்துக்கொண்டாள்.

தங்கிவிட்ட கை உடனே பழைய கையாகிவிடவில்லை. போன இடத்துப் பழக்கமெல்லாம் அதில் ஒட்டியிருந்தது, வெள்ளிக்கிழமை மதியம் படுக்கையைச் சுருட்டி விரிக்கப் பார்த்தது, சில நாள் மீன் வாசம் அடித்தது. தினமும் ரிஸ்வானா வந்தாள், தினமும் ஒரு நேரம் குழலியின் கை கட்டப்பட்டது, அவர் அவளுக்குப் பொட்டு வைத்துவிட்டார், கோணலாக, அந்தக் கோணல் பொட்டோடேயே அவள் பால் வாங்கப் போனாள். சட்டைப் பொத்தானில் மேலே இரண்டை அவர் போட்டார், மற்றதை இடது கையும் சேர்ந்து போட்டது. ஆடி முடிந்தது.

ஆவணி முதல் தேதி காலையில் பட்டுக்கடை முதல் மாடியில் சாம்பிராணி காட்டி, வெள்ளை விரிப்பை மாற்றி, சிவசைலம் ஓரமாக நின்றார். குற்றாலிங்கம் மெத்தை மேல் தன் இடத்தில் உட்கார்ந்தார். போணிக்கு யார் வருவார்கள் என்று எல்லோரும் படியைப் பார்த்தார்கள். குழல்வாய்மொழி படி ஏறி வந்தாள். செருப்பைக் கீழே விட்டுவிட்டு, கைப்பையோடு, வாடிக்கையாளர் உட்காருகிற இடத்தில், அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வாங்கம்மா," என்றார். "என்ன பாக்கீங்க?"

"மாம்பழக் கலர்ல ஒண்ணு."

அவர் அலமாரிப் பக்கம் கை நீட்ட, பயிற்சிப் பையன் ஒருவன் முந்திக்கொண்டு எடுக்க வந்தான். குழலி அவனைப் பார்த்த பார்வையில் அவன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். குற்றாலிங்கம் தானே எடுத்தார். மடிப்பை வலது கையில் வைத்து, கண்ணை ஒரு தடவை மூடித் திறந்து, வீசினார். புடவை எழுந்தது, அந்தரத்தில் நின்றது, முதல் மடிப்பு திறந்தது, இரண்டாவது திறந்தது, பாதி விரிந்து அங்கேயே கீழே இறங்கிவிட்டது. முந்தி இன்னும் மடிப்புக்குள்ளேயே இருந்தது.

குழலியின் இரண்டு கையும் மடியிலிருந்து எழுந்தன. அவள் அவற்றை இழுத்துத் தொடைக்கு அடியில் போட்டு அவற்றின் மேல் உட்கார்ந்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள், அவர் முகத்தையே பார்த்தாள்.

அவர் பாதிப் புடவையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். சிரித்தார்.

"மீதியை நீ பிரி, குழலி," என்றார்.

அவள் கையை வெளியே எடுத்து, மடிப்புக்குள் இருந்த முந்தி முனையைப் பிடித்து இழுத்தாள்.